வெங்காயம் உரிக்கத் தடை

வேலை அனுமதி இல்லாத ஒருவர் சிங்கப்பூரில் ஒரே ஒரு வெங்காயம் உரித்தாலும், அவரையும் கூடையைக் கொடுத்தவனையும் சேர்த்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். கூடையைக் கொடுக்க வேண்டியவன் நான்தான்.

எங்கள் கோயில் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. மாதா திருவிழாப் பூசை முடிந்ததும் எல்லோருக்கும் அசனம், அதாவது சாப்பாடு. முதல் நாள் மதியமே கூடத்தில் பாய் விரித்து வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிடுவோம். வங்கி அதிகாரியானாலும் டாக்சி ஓட்டுபவரானாலும் ஃபாதரே ஆனாலும் கத்தியோடு உட்கார வேண்டும். உட்காராதவருக்கு யார் மேலோ கோபம் என்று அர்த்தம். அந்த ஆண்டு சமையல் பொறுப்பு என் தலையில்.

அன்று புதுக்கோட்டைக்காரர் ஒருவரும் வந்திருந்தார். கட்டுமான வேலைக்காகப் புதிதாக வந்தவர். வந்த சில மாதங்களில் கம்பெனி மூடிவிட்டது. வேலை அனுமதியும் அதோடு போயிற்று. அரசின் மனிதவள அமைச்சு அவருக்கு ஒரு விடுதியில் படுக்கையும் சாப்பாடும் ஏற்பாடு செய்து, தங்கியிருக்க மட்டும் ஒரு தற்காலிக அனுமதி கொடுத்திருந்தது. அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. அமைச்சு சம்மதித்து, வேறு முதலாளியும் கிடைத்தால் இங்கே இருக்கலாம். இல்லாவிட்டால் விமானம் ஏற வேண்டியதுதான்.

அவர் பாயில் உட்காரப் போனார். நான் பாய்ந்து தடுத்தேன்.

"நீங்க கீழ உக்காராதீங்க. நாற்காலி போடறேன்."

"சும்மா இருந்து இருந்து கை நமைக்குதுண்ணே. ரெண்டு வெங்காயம் உரிக்கிறேனே?"

"ரெண்டு வெங்காயத்துக்கு ரெண்டு பேரும் உள்ள போகணும். டீ குடிங்க."

மின்விசிறிக்கு நேர் கீழே அவரை உட்கார வைத்தேன். சும்மா உட்கார்ந்திருந்த ஒரே மனிதர் என்பதால், சிறப்பு விருந்தினர் என்று நினைத்து யாரோ இரண்டாவது டீ கொண்டுவந்தார். இன்னொருவர் வடை கொடுத்தார். "எந்தத் தொகுதி எம்.பி.?" என்று ஒரு ஆண்ட்டி என் காதில் கேட்டார்.

"பாவம், அந்த மனுஷனுக்கு வேர்க்குது. உங்க பயத்துக்கு அவரு ஏன் நாற்காலியில உக்காரணும்?" என்றாள் என் மனைவி.

நான் சட்டம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மனிதர் நழுவிப் பாயில் இறங்கிவிட்டார். கையில் கத்தி. சரியாக அப்போது, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றார். பின்னால் தடித்த மீசையோடு ஒருவர்.

சோதனைக்கு அதிகாரிகளே வந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். புதுக்கோட்டைக்காரரின் கத்தியைப் பிடுங்கினேன். அவர் கையிலிருந்த வெங்காயத்தை என் சட்டைப் பைக்குள் திணித்தேன்.

"இவரு வேலையே செய்யல மேடம்! பொறந்ததுலேருந்து சும்மாதான் இருக்காரு! ஒரு துரும்பைத் தூக்கிப் போடமாட்டாரு!"

பெண்மணி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நான் தொழிலாளர் உதவி அமைப்புலேருந்து வர்றேன். ஆளு இங்க இருக்கார்னு விடுதியில சொன்னாங்க. அமைச்சு சம்மதம் சொல்லிடுச்சு. இவருதான் புது முதலாளி. ஆளை நேர்ல பாத்து முடிவு பண்றேன்னு வந்திருக்காரு லா."

மீசைக்காரர் என்னையும் புதுக்கோட்டைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். "துரும்பைக்கூடத் தூக்கமாட்டாரா?"

ஒரு மனிதரின் பிழைப்பை ஒரே மூச்சில் விமானம் ஏற்றிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தேன். என் மனைவி முந்திக்கொண்டாள்.

"சார், இவரு சொல்றதை வீட்டுலயே யாரும் நம்பறதில்ல. நீங்களும் நம்பாதீங்க."

புதுக்கோட்டைக்காரர் எழுந்து கும்பிட்டார். "ஐயா, எந்த வேலையானாலும் குடுங்க. இன்னொரு டீ குடிக்கச் சொல்லி மட்டும் இவர்கிட்ட விட்டுட்டுப் போயிடாதீங்க."

மீசைக்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த வெங்காயச் சருகெல்லாம் பறந்தது. கூடமும் சேர்ந்து சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

"கோயில்ல எல்லாரோடயும் உக்காந்து வெங்காயம் உரிக்கிறதுக்கா சார் பிடிப்பாங்க? சந்தேகம்னா ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே," என்றார் பெண்மணி. அவரையும் மீசைக்காரரையும் அதற்குள் பாயில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் அனுமதி வந்தது. புதுக்கோட்டைக்காரர் உட்லண்ட்ஸில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் கம்பி கட்டும் வேலையில் சேர்ந்தார்.