நூற்றிருபத்தெட்டும் அறுபத்துநான்கும்

சூடேறிய தூசிக்கென்று ஒரு மணம் உண்டு. கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் மூக்கில் ஏறுகிற அந்த மணத்தோடு துறைமுகப் பக்கத்து உப்புக்காற்றும் சேர்ந்தால், எனக்கு இன்றைக்கும் பதினைந்து வயதாகிவிடுகிறது, கூடவே வயிற்றில் ஒரு புளிப்பும் வந்துவிடுகிறது. அந்தப் புளிப்புக்குப் பெயர் சந்தேகம். சண்டைக் காலத்தில் திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு அது கொஞ்சம் இருக்கும்தான், ஆனால் பழி முழுவதையும் சண்டையின் தலையில் கட்டிவிட்டு நான் தப்ப முடியாது.

எங்கள் வீடே அப்படி. பக்கத்து வீட்டுக்குப் பலகாரத்தோடு போன கோப்பை திரும்பி வந்தால், அம்மா அதைக் கவிழ்த்து அடியில் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குசினிக்குள் கொண்டுபோவா. சட்டி, செம்பு, சாப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். "எதுக்கும் ஒருக்கா பார்த்துக்கொள் பிள்ளை" என்பதை ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது சொல்லுவா. துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த அப்பாவோ வாய் திறப்பதே குறைவு. "கதை வெளியில போகக் கூடாது" என்பது அவருடைய ஒரே உபதேசம்.

சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் முடிந்து, தெருச் சோதனைகள் திரும்பவும் இறுகத் தொடங்கிய நேரத்தில், கொழும்பிலிருந்து வந்த பெரியப்பா எனக்கொரு "கிராபிக்ஸ் கார்ட்" கொண்டுவந்து தந்தார். கணினித் திரையில் படங்களை வரைந்து காட்டுகிற, உள்ளங்கையிலும் சற்றுப் பெரிய பச்சை அட்டை அது. பெட்டியில் வாளேந்திய பெண்ணொருத்தியின் படமும், நினைவகம் 128 என்று வெள்ளி எழுத்தும் இருந்தன. நான் அந்தப் பெட்டியைக்கூட எறியாமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்துக் கதிரை யசோவுடையது. சல்லிக் கரையிலிருந்து வருகிற பிள்ளை, அப்பாவுக்குக் கடல் தொழில். அவளுடைய அண்ணன் கட்டாரில் இருந்தான். அவனும் ஒரு கார்ட் அனுப்பியிருந்தான், பழையது, அரபுப் பத்திரிகைத் தாளில் சுற்றி, பெட்டியும் இல்லாமல். அதன் நினைவகம் வெறும் அறுபத்துநான்கு. "ஆனா அது பறக்குதடி" என்றாள் யசோ. எனக்குச் சுள்ளென்று ஏறியது. அறுபத்துநான்கு எப்படி நூற்றிருபத்தெட்டை வெல்லும்? சின்ன வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு அல்லவா?

"சும்மா கதை வேண்டாம். ரெண்டையும் ஒரே மெசினில போட்டுப் பார்த்தாத்தான் நியாயம். உன்ரயைத் தா, வீட்டில போட்டுப் பார்த்திட்டுத் தாறன்" என்றாள் யசோ. மறுக்க மானம் விடவில்லை. ஆனால் கொடுப்பதற்கு முதல் இரவே கவராயத்தின் கூர்முனையால் அட்டையின் மூலையில், கோடுகள் ஓடாத இடமாகப் பார்த்து, என் பெயரின் முதலெழுத்தான "சு"வைக் கீறிவைத்தேன். எதுக்கும் ஒருக்கா.

இரண்டு நாள் கழித்து அட்டை திரும்பி வந்தது, கூடவே கொப்பித் தாளொன்றும். கார் ஓட்டுகிற விளையாட்டொன்றில் திரை மூலையில் ஓடிய எண்களை, விநாடிக்கு எத்தனை படம் என்று, அவள் அந்தத் தாளில் அழகாக எழுதியிருந்தாள். எல்லா வரியிலும் என் கார்ட் கீழே. "உன்ரது மெதுவடி, என்ன செய்ய" என்று சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. என் கண்ணுக்கு முன்னால், என் வீட்டில், உன்னுடைய கார்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினால்தான் நம்புவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "செக்பொயின்றில இப்ப பையைக் கொட்டிப் பார்க்கிறாங்களடி" என்றாள். அப்போதும் நான் விடவில்லை. சாட்டுச் சொல்கிறாள் என்றே நினைத்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்றவள் ஒரு மணிக்குத்தான் வந்தாள். சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த அட்டையைச் சோதனையில் கண்டுவிட்டார்கள். சீருடைக்காரர் ஒருவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாராம். எதை வெடிக்க வைக்கப் போகிறாய் என்று கேட்டாராம். அந்தப் பக்கமாக வந்த அவளுடைய சித்தப்பா ஒருவர் கணினிப் படிப்புக்கானது என்று மன்றாடும்வரை வெயிலிலேயே நிற்பாட்டி வைத்தார்களாம். "இனிமேல் இதோட இந்தப் பக்கம் வராதே" என்று சொல்லி விட்டார்களாம். என் வீட்டுத் தண்ணீர்ச் செம்பை அவள் இரண்டு தரம் நிரப்பிக் குடித்தாள். நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டே, "சரி, போட்டுக் காட்டு" என்றேன்.

போட்டுக் காட்டினாள். என் கார்டைப் போட்டபோது விளையாட்டில் வருகிற மழை விட்டு விட்டுப் பெய்தது, வளைவுகளில் கார் திக்கித் திக்கித் திரும்பியது. அவளுடையதில் அதே மழை ஒரே சீராக இறங்கியது. மறுப்பதற்கு ஒன்றுமில்லை. நான் என் அட்டையைக் கழற்றி மூலையைப் பார்த்தேன். "சு" அங்கேதான் இருந்தது, வால் கோணியபடி, நான் கீறிய மாதிரியே. அதைக் கண்டு அடங்கியிருக்க வேண்டிய நான், அடையாளமே சாட்சி சொன்ன பிறகும், சொன்னேன்: "இதைப் பார்த்துக் கீறியிருக்கிறாய். பழுதான ஒண்டை எடுத்து என்ர எழுத்தைப் போட்டு மாத்திப் போட்டாய். கள்ளி."

யசோ அழவில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. "ஓமடி, அப்பிடியே வச்சுக்கொள்" என்றாள். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவளிடம், உன்னுடைய கார்ட் என்று நான் வீறாப்பாகக் கையைக் காட்டினேன். "அது உன்னட்டையே இருக்கட்டும். அதோட திரும்ப அந்த வழியால போக எனக்கு ஏலாது." அவள் படலையைச் சாத்திய பிறகும் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? குற்றம் செய்தவள் என்றபடியால்தான் விட்டுவிட்டுப் போகிறாள் என்று சொன்னது!

அதற்குப் பிறகு எங்களுக்குள் கதை இல்லை. ஆண்டு முடிவதற்குள் நிலைமை கெட்டு அவளைக் கொழும்புக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து கனடாவுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அவளுடைய கார்டில் நான் இரண்டு வருடம் விளையாடினேன்.

கணினித் துறையிலேயே வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒருநாள் சும்மா தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. என்னுடையதில் நினைவகம் பெரிதுதான், ஆனால் அதற்குப் போய்வருகிற பாதை அவளுடைய கார்டின் பாதையில் பாதி அகலம்தான். தம்பலகாமத்தில் குளம் எவ்வளவு நிறைந்திருந்தாலும் வாய்க்கால் ஒடுக்கமென்றால் வயலுக்குத் தண்ணீர் மெதுவாகத்தானே வரும்? பெட்டி பொய் சொல்லவில்லை, யசோவும் சொல்லவில்லை. கதிரையில் இருந்தபடியே எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவளுக்கு இரண்டு மூன்று தரம் எழுதத் தொடங்கி அழித்தேன்.

போன மாதம் துணிந்து, அறுபத்துநான்கை ஒரு பையில் போட்டுக்கொண்டு சல்லிக்குப் போனேன். அந்தச் செக்பொயின்ற் இருந்த இடத்தில் இப்போது இளநீர் விற்கிறார்கள். மண்மூட்டை கிடந்த அடையாளம்கூட இல்லை. யசோவின் அம்மா தனியாக இருந்தா. அட்டையை நீட்டி, இது யசோவுடையது, திருப்பித் தர வந்தனான் என்றேன். அவ வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தா.

"இல்லைப் பிள்ளை, இது எங்கட இல்லை. எங்கடயை அண்டைக்கு செக்பொயின்றில பறிச்சுப் போட்டாங்கள் எண்டு யசோ சொன்னவளே. தமையனிட்டைக்கூட அப்பிடித்தான் சொன்னவள்."

என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, அவள் தன் வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லி, அதை இத்தனை வருடமும் காப்பாற்றி வந்திருக்கிறாள்.

"எங்கட எண்டால், எங்க பார்ப்பம், இதில என்ன அடையாளம் கிடக்கு?" என்று அவ கேட்டா. மூலை மூலையாக நானும் சேர்ந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. யசோ என்னிடம் அதை அடையாளம் போடாமல்தான் கொண்டுவந்தாள்.

அட்டையைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். உப்புவெளி தாண்டி வீடு வந்து சேரும்வரை என்னை ஒருவரும் மறிக்கவில்லை.