அகத்தி கழித்த வழக்கு

சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரர்களில் ராக்கம்மாளுக்கு மட்டும் காவலுக்கு ஆள் தேவைப்பட்டதில்லை. அவள் வாயே போதும். வேலியோரம் ஒரு மாடு எட்டிப் பார்த்தால், மாட்டையும் மேய்த்தவனையும் அவனைப் பெற்றவளையும் சேர்த்து வைவாள். புருஷன் போன மறு வருஷமே குத்தகைக்கு நிலம் பிடித்து, தன்னந்தனியாக வெற்றிலை போட்டு, கூடையை மதுரைக்கு ரயிலேற்றி அனுப்பிய பொம்பளை. அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் ஊர் அவளை எப்போதோ மென்று துப்பியிருக்கும்.

அப்பேர்ப்பட்டவளின் கொடிக்காலில் விருமாண்டி கை வைத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷத்துச் சித்திரையில். வெற்றிலைக் கொடிக்கு அகத்திதான் ஊன்றுகோல், அகத்திதான் குடை. வரிசையாக அகத்தி வளர்த்து அதில் கொடியைக் கட்டி ஏற்றுவார்கள். நிழல் கூடினால் கிளையைப் பார்த்துப் பார்த்துக் கழிப்பார்கள். கோடையில் தொடவே மாட்டார்கள். இதெல்லாம் ஆட்டுக்காரன் விருமாண்டிக்கு எங்கே தெரியும்? ஆடு வளர்ப்பவன் கண்ணுக்கு அகத்தி வெறும் தழை. விடியுமுன் புகுந்து தெற்கு வரிசையை மொட்டையடித்து, கட்டுக் கட்டாகத் தூக்கிப் போய்விட்டான். மரந்தானே, துளிர்த்துவிடும் என்று நினைத்தான். மரம் துளிர்க்கும், சரி. அதற்குள் உச்சிவெயில் நேரே கொடியில் இறங்கி, இலையெல்லாம் கருகிப்போனது.

வழியெல்லாம் சிந்திக்கிடந்த தழை அவன் வீட்டு வாசலில் போய் நின்றது. கள்ளத்தனத்திலும் ஒரு சாமர்த்தியம் வேண்டாமா! ஊர் மந்தையில் கூடியது. ஊர் வழக்குத் தீர்க்கும் அம்பலகாரர் நல்லகாமன் தொண்டையைச் செருமினார்.

"பேச்சு என்னத்துக்கு? ஸ்டேஷன்ல எழுதி வச்சுருவோம்."

விருமாண்டிக்கு முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளைக்காரனின் ரேகைச் சட்டம் நடந்த காலம் அது. ஒரு புகார் போனால் போதும், கைரேகை வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் பொழுது சாய்ந்தால் ஸ்டேஷனுக்குப் போய்த்தான் படுக்கவேண்டும். கல்யாணமோ சாவோ எதுவும் கணக்கில்லை. அவனுக்கோ வீட்டில் பச்சைக் குழந்தை.

"வையிங்கண்ணே ரேகைய! ஆயுசுக்கும் கெடக்கட்டும்!" என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள் ராக்கம்மாள்.

அப்போதுதான் விருமாண்டியின் பெண்டாட்டி முத்துத்தாய், இடுப்பில் பிள்ளையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"எம் புருசன் செஞ்சது தப்புத்தான் மதினி. ஆனா போன வாரம் ஒங்க கொடிக்கால் படல் வாசல்ல வந்து நின்னேனே, மறந்துட்டீகளா? எனக்குப் பாலு இல்ல, புள்ளைக்கு ஆட்டுப்பாலுதான் ஊத்துறேன், வெயிலுல ஆடும் வத்திப்போச்சு, ஒரு கை தழை குடுங்கன்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீக?"

கூட்டம் ராக்கம்மாளைப் பார்த்தது. அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. 'பெத்ததுக்குப் பால் குடுக்கத் துப்பில்லாதவளுக்குத் தழை ஒரு கேடா' என்று சொல்லியிருந்தாள். நாக்கில் நரம்பில்லாமல் சொன்னது. அந்தப் பிள்ளையின் குச்சிக் கையை எட்டித் தொட்டாள்.

"சொன்னேன் தாயி. சொல்லியிருக்கக் கூடாது," என்றாள்.

ராக்கம்மாள் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்து ஊர் கேட்டதில்லை. நல்லகாமனே ஒருதரம் காதைக் குடைந்துகொண்டார்.

விருமாண்டி உடைந்துபோய்ச் சொன்னான்: "அக்கா, கொடி கருகும்னு சத்தியமாத் தெரியாதுக்கா. தழையத்தான் களவாண்டேன்னு நெனச்சேன். ஒங்க பொழப்பையே எடுத்துட்டேன்."

ராக்கம்மாள் மூக்கைச் சிந்தினாள். "அண்ணே, இவன் ஸ்டேஷன்ல போயிப் படுத்துக்கெடந்தா எங்கொடிக்கு நெழலு வந்துருமா? இவன எங்கிட்ட விடுங்க. அகத்தி துளுக்குற மட்டும் நெழலுக்கு இவன் பொறுப்பு. வேலியோரம் கொடி ஏறாத அகத்தியில ஒடிக்கிற தழையில இவன் ஆட்டுக்குத் தெனம் ஒரு கட்டு, அது எம் பொறுப்பு. நான் போதும்னு சொல்றப்பத்தான் வழக்கு முடிஞ்சுச்சு."

இப்படியும் ஒரு தீர்ப்பா என்று சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்கள் யாரும் நிழல் கட்ட வரவில்லை.

மறுநாளே விருமாண்டி தென்னங்கீற்று முடைந்து தட்டி கட்டினான். முதல் காற்றுக்கே அத்தனையும் அவன் தலையில் விழுந்தது. "ஆட்டுக்கு முடிச்சுப் போடுற மாதிரிப் போட்டா நிக்குமாடா?" என்று அவள் கத்த, "ஆடு ஓடுனா பிடிச்சுக்கலாம்க்கா, தட்டி ஓடுனா எங்கிட்டுப் பிடிக்க?" என்று அவன் சொல்ல, வாய்க்காலில் துணி அலசியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மத்தியானம் முத்துத்தாய் கூழ் கொண்டுவருவாள். ராக்கம்மாள் துவையல் அரைப்பாள். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து குடிப்பார்கள். ஆடு தேறியது, பிள்ளையும் தேறியது. ராக்கம்மாள் அதை மடியில் போட்டுக்கொண்டு வைவாள். அது பொக்கை வாயால் சிரிக்கும்.

எவனோ ஸ்டேஷனில் ஊதிவிட்டிருக்க வேண்டும், ஒருநாள் ஏட்டு வந்துவிட்டார். விருமாண்டி கையிலிருந்த கீற்று நழுவியது.

"களவு போச்சாமே?" என்று ராக்கம்மாளிடம் கேட்டார் ஏட்டு.

"தழை போனது நெசந்தான். கொண்டுபோனவன் இந்தா, தட்டி கட்டுறான். நாங்களே பேசி முடிச்சுட்டோம், நான் எழுதிக் குடுக்கிறதா இல்ல. அப்பிடியும் கூட்டிட்டுத்தான் போவேன்னா போங்க ஏட்டய்யா. ஆனா விடியக்காலம் வந்து கொடிக்குத் தண்ணி எறைக்கிறது நீங்கதான். சேத்துல எறங்குவீகளா?"

ஏட்டு சேற்றைப் பார்த்தார், தம் பூட்ஸைப் பார்த்தார். இந்தப் பொம்பளையிடம் யார் மாட்டுவது என்று வெற்றிலை போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். அன்றைக்குத்தான் விருமாண்டிக்குப் போன உயிர் திரும்பியது. சேற்றிலேயே உட்கார்ந்து அழுதான், கூடவே சிரித்தான்.

ஆடி பிறக்க அகத்தி தழைத்துவிட்டது. கொடியில் கொழுந்து ஓடியது. ராக்கம்மாள் தெற்கு வரிசையில் முதல் வெற்றிலையைப் பறித்து, மந்தையில் நல்லகாமன் முன்னிலையில் விருமாண்டி கையில் கொடுத்து, "போதும்" என்றாள். சண்டைக்காரர்கள் ஒருவர் கை வெற்றிலையை ஒருவர் வாங்குவதில்லை. வாங்கிவிட்டால் அத்தோடு பகை தீர்ந்தது. முத்துத்தாய் குலவை போட்டாள். ஊரே சேர்ந்துகொண்டது.

அதற்கப்புறம் வரப்பு வெட்டிய சண்டை, வாய்க்கால் மறித்த சண்டை எல்லாம் ராக்கம்மாளிடம் வர ஆரம்பித்தன. நட்டப்பட்டவனை முதலில் பேசச் சொல்வாள், அப்புறம் மற்றவனை. யார் இடையில் வாயைத் திறந்தாலும் அவளிடம் வசவு நிச்சயம். கடைசியில், கெட்டதை எப்படிச் சரிபண்ணுவாய் என்று செய்தவனையே கேட்பாள்.

ஐப்பசியில் நிழல் கூடிப்போனது, அகத்தி கழிக்கவேண்டும். வழக்கமாகக் கழிக்கும் ஆள் வந்து நின்றான். ராக்கம்மாள் அவனை வடக்கு வரிசைக்கு அனுப்பிவிட்டு, கிளை கழிக்கும் இன்னொரு தொரட்டியை விருமாண்டியிடம் நீட்டினாள். அவன் பின்வாங்கினான்.

"வேணாம்க்கா. நான் எப்படிக்கா மறுபடியும்?"

"நீதான்டா கழிக்கணும். எந்தக் கெளை போனா எந்தக் கொடி கருகும்னு இந்த ஊருல ஒன்னவிட யாருக்குடா தெரியும்?"

விருமாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தொரட்டியை வாங்கி, கிளையைத் தொடுமுன் கீழே குனிந்து கொடியைப் பார்த்தான்.