கையில் சுற்றியிருந்த கயிறு

அந்தக் கயிறு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆற்றிலிருந்து அண்ணனைத் தூக்கியபோது அவருடைய வலக்கையில் இரண்டு சுற்றாகச் சுற்றியிருந்தது. மறுமுனையில் விதைநெல் மூட்டை. விசாரணை முடிந்து காவல்துறையினர் திருப்பித் தந்தபோது கையெழுத்திட்டு வாங்கியவன் நான்.

விதைநெல்லைச் சாக்கில் கட்டி, படித்துறைக் கல்லில் கயிற்றை முடிந்து, ஆற்றில் ஊறப்போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நான் மாவட்ட நீதிபதியாக ஓய்வுபெற்றவன். அண்ணன் திருத்துறைப்பூண்டிக்கு அருகே நிலத்தோடு இருந்துவிட்டவர். கண்ணால் கண்டவர் சொல்வது நேரடிச் சாட்சியம், கண்டவற்றைக் கொண்டு காணாததை உய்த்தறிவது சூழ்நிலைச் சாட்சியம் என்று ஒருமுறை விளக்கியபோது அவர் சிரித்தார். "ஏன்டா ஜட்ஜு, வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சுன்னு நான் போய்ப் பார்த்தாத்தான் ஒத்துக்குவியா? அந்தா, வயல்ல கொக்கு எறங்கிருச்சு. போதாதா?"

அவர் இறந்த அன்று ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் வாத்து மேய்த்தவர் பார்த்திருக்கிறார். "அவராத்தான் எறங்குனாருங்க. வழுக்கலை, யாரும் தள்ளலை. கழுத்தளவு போனாரு, அப்புறம் ஆளைக் காணோம்." அதில் பொய்யில்லை. ஆனால் எதற்காக இறங்கினார் என்பது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க முடியாது. அதைக் கயிறுதான் சொல்ல வேண்டும். கல்லில் இருந்த அதன் முடிச்சு அவிழ்ந்திருந்தது; வெள்ளம் இழுத்ததா, அவரே அவிழ்த்தாரா என்று தெரியாது. அது இரண்டு விதமாகச் சொல்கிறது. மூட்டையை வெள்ளத்திலிருந்து மீட்க இறங்குபவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வார். கரைக்குத் திரும்ப விரும்பாதவரும், மூட்டையின் கனம் கீழே இழுக்கட்டும் என்று சுற்றிக்கொள்வார். முந்தைய பருவத்தில் கதிர் முற்றிய பயிர் மழையில் மூழ்கியதிலிருந்து அண்ணன் பேச்சைக் குறைத்திருந்தார். அவருக்கு நன்றாக நீந்தத் தெரியும்.

காரியம் முடிந்த அன்று அண்ணி கேட்டார். "தம்பி, நீங்க எத்தனை கேஸு பார்த்திருப்பீங்க. உண்மையச் சொல்லுங்க. என்னைய விட்டுட்டுப் போகணும்னே போனாரா?"

"இல்ல அண்ணி. விதைக்கணும்னு நெனச்சவருதானே விதைய ஊறப்போட்டாரு? மூட்டைய எடுக்கத்தான் எறங்கியிருக்காரு."

"நீங்களும் பார்க்கலையே தம்பி" என்றார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அப்படியே இருக்கட்டும்" என்றார். அதன்பின் அதைப் பற்றி அவர் கேட்டதே இல்லை.

ஒரே சூழ்நிலை இரண்டு முடிவுகளுக்கு இடம் தருமானால், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமானதையே நீதிமன்றம் ஏற்க வேண்டும். முன்பின் அறியாத எத்தனையோ பேருக்கு அந்தச் சலுகையை வழங்கிவிட்டு வீடு திரும்பி நிம்மதியாக உண்டு உறங்கியிருக்கிறேன். அண்ணனுக்கும் அதையே வழங்கினேன். ஏற்றுக்கொண்ட அண்ணியும் சென்ற மாதம் போய்விட்டார். இனி அந்தத் தீர்ப்பை நம்ப வேண்டியவன் நான் ஒருவன்தான்.

இழுப்பறையைத் திறக்கிறேன். கயிற்றை எடுத்துக் கையில் ஒரு சுற்றுச் சுற்றுகிறேன். இரண்டாவது சுற்றுக்கு மனம் வருவதில்லை.