பெரியவருக்கு ஏலாது

எங்கள் வீட்டு முன் அறை யன்னலில், திரைச்சீலைக்கென்று அடித்த கொளுக்கியில் சேலைன் பை தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. திரைச்சீலையை ஒரு பக்கமாக முடிந்து விட்டிருந்தேன். வீட்டுக்கு முன்னால் ஓர்ஸ் ஹில் தெரு ஏற்றத்தில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தால் பையும் குழாயும் தெரியும். கதிரையில் இருந்தபடி, துவாயால் சுற்றிய எதையோ மடியில் வைத்திருக்கும் என் கணவரின் முதுகும் தெரியும். யாருக்குச் சேலைன் ஏறுகிறது என்பது மட்டும் தெரியாது. ஏறியது எங்கள் பூனைக்கு.

வயது போன ஆண் பூனை. ஒரு காலத்தில் நல்ல செம்மஞ்சள். பிறகு பலதரம் தோய்த்த சாரத் துணி மாதிரி வெளிறிவிட்டது. சிறுநீரகம் இரண்டும் களைத்துவிட்டன என்றார் மிருக வைத்தியர். கண்ணில் பூ விழுந்திருந்தது. காது கேட்காது. பின்னங்கால் மூட்டுகள் இறுகிப்போய், மண் தட்டத்தில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்று காரியத்தை முடித்துவிடும். வெளியே விழுந்த பாதியை அள்ளுவது என் வேலை. கந்தோருக்குப் போகமுன் ஒருதரம், மத்தியானம் ஓடிவந்து ஒருதரம், வேலை முடிந்து வந்தபிறகு எத்தனை தரமென்று நான் பார்ப்பதில்லை. உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்து, மசித்த மீன். அதற்குள் ஒளித்துவைத்த மருந்துக் குளிசை. குளிசையை மட்டும் நாக்கால் ஒதுக்கித் துப்புகிற வித்தை, கண் போன பிறகும் அதை விட்டுப் போகவில்லை. என் இடுப்பும் அதன் இடுப்பும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தன. எனக்கு யாரும் மசித்துத் தரவில்லை.

‘அது’ என்று இங்கே எழுதுகிறேன். வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது. என் கணவர் துறைமுகத்தில் வேலை செய்த நாட்களில் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்த குட்டி அது. அப்போது நாங்கள் கூப்பிட்டது கள்ளன் என்று. மீன்காரரின் சைக்கிள் மணி கேட்டால் எங்களுக்கு முதல் படலையில் நிற்கும். மதிலில் குந்தியிருக்கும் குரங்கோடு சண்டைக்குப் போகும். தெருவில் திரிந்து, படலைக்குள் தலையை நீட்டிய மானை மூக்கிலே அடித்துத் துரத்தியிருக்கிறது. கண் மங்கி, முதல் தடவை கதிரைக் காலில் முட்டிக்கொண்ட அன்று, என் கணவர் எழும்பிப் போய்க் கதிரையை நகர்த்திவிட்டு, “பெரியவர், மெல்ல” என்றார். அன்றோடு டேயும் கள்ளனும் போயின. பெரியவர் சாப்பிட்டாரோ, பெரியவர் நித்திரையோ, பெரியவருக்கு இண்டைக்கு உடம்பு ஏலாது. இதுதான் வீட்டுக் கதை.

அந்தச் சொல் எங்கள் வீட்டில் முன்பே புழங்கிய சொல். என் மாமனாரைத்தான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதே முன் அறையில் பாயும் படுக்கையுமாக நெடுநாள் கிடந்துதான் அவர் போனார். மகன் துறைமுகத்தில் இரவு பகல் பாராமல் வேலையில் நின்ற காலம். அவரைப் பார்த்துக்கொண்டது நான்தான். இந்தப் பூனைக்கு அந்தச் சொல்லை என் கணவர் யோசித்து எடுத்துக் கொடுத்தாரா, வாயில் தானாக வந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எழும்பி வெளியே போய்விடுவார். கஷ்டமான கதை தொடங்கினால் அவருக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும்.

மிருக வைத்தியர் சிங்களவர். ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்து நல்ல தமிழ் கதைப்பார். தோலை இழுத்துப் பிடித்து ஊசி குத்தும் விதத்தை எனக்குக் காட்டித்தந்தவர் அவர்தான். ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரே விஷயத்துக்கு வருவார். கஷ்டம் கூடினால் ஒரு ஊசி இருக்கிறது, நோகாது, வீட்டுக்கே வந்து போடுவேன், எனக்கும் அது விருப்பமான வேலை இல்லை என்பார். “ஒரு ஊசி” என்று அவர் தொடங்கும்போதே என் கணவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பி வைக்கப் போய்விடுவார். மீதியைக் கேட்டுக்கொண்டு நிற்பது நான்.

அந்த ஊசியைப் போடச் சொல்லி யாராவது ஒருநாள் வாய் திறக்கவேண்டும். அது நான்தான் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. எப்படிச் சொல்வது? பெரியவருக்கு ஊசி போட்டு முடித்துவிடுவோம் என்று எந்த வீட்டில் சொல்வார்கள்? பூனை என்றால் சொல்லலாம். எங்கள் வீட்டில் பூனை இல்லையே, பெரியவர் அல்லவா இருந்தார்.

கந்தோரில் என் பக்கத்து மேசைக்கு, மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி ஒரு பெண் வந்திருந்தாள். என்னைவிட வயதில் இளையவள், அதிகம் கதைக்கமாட்டாள். வெயில் ஏறும் நேரத்தில் என் கணவர் கைபேசியில் அழைப்பார். நான் குரலைத் தணிக்கத் தெரியாதவள். பெரியவர் எழும்பினவரோ, சாப்பிட்டவரோ, வயித்தால போனதோ, கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி பருக்குங்கோ, நான் மத்தியானம் வந்து சேலைன் ஏத்துறன் என்று எல்லாவற்றையும் அவள் காதுபடவே சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய ஆட்களுக்கு விஷயம் தெரியும், சிரித்துக்கொள்வார்கள். இவள் சிரிக்கமாட்டாள். மத்தியானம் நான் பிந்தி வந்தால் என் மேசை வேலையையும் சத்தமில்லாமல் பார்த்து வைத்திருப்பாள். பூனையில் நல்ல விருப்பமுள்ள பிள்ளை போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம் எங்கள் படலையில் ஓட்டோ வந்து நின்றது. அவள் இறங்கினாள். கையில் பால்மாப் பெட்டி, பிஸ்கட், ஒரு பை நிறைய அப்பிள். வருத்தமாய்க் கிடப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் அத்தனையும் இருந்தன. என் கணவருக்கு இதில் எந்தக் குழப்பமும் வரவில்லை. பெரியவரைப் பார்க்கவோ வந்தனீங்கள், வாங்கோ, முன் அறையில்தான் படுத்திருக்கிறார் என்று முகமெல்லாம் மலர்ந்து கூட்டிக்கொண்டு போனார். அதுவரை ஒருவரும் பெரியவரை வருத்தம் பார்க்க வந்ததில்லை அல்லவா.

நான் குசினியிலிருந்து ஈரக் கையோடு வந்தபோது, அவள் அறையின் நடுவில் அப்பிள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். கண் சேலைன் பையிலிருந்து குழாய் வழியே இறங்கி, என் கணவரின் மடியிலிருந்த துவாய்க்கு வந்தது. துவாய்க்குள்ளிருந்து ஒரு வெளிறிய பூனை தலையைத் தூக்கி, அவள் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தது. அவள் அறையைச் சுற்றி ஒரு கட்டிலைத் தேடினாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக ஏறிவந்தன. வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் என் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அதில் அவள் என்ன கண்டாளோ, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

“எப்பிடி இருக்கிறார்?” என்று கேட்டாள்.

என் கணவர் ஒன்றுவிடாமல் சொன்னார். சிறுநீரகம், மூட்டு, மலச்சிக்கல், துப்பிய குளிசை எல்லாம் வந்தன. அவள் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். தேத்தண்ணி குடித்தாள். போகும்போது பெரியவரின் நெற்றியை ஒரு விரலால் தடவினாள். பால்மாப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. படலைவரை கூடப் போன நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் கேட்க விடவில்லை.

“அதை விடுங்கோ அக்கா. நீங்கள் ஒழுங்கா நித்திரை கொண்டு எவ்வளவு காலம்?”

பெரியவருக்கு எப்படி என்று கேட்கப் பலர் இருந்தார்கள். என் நித்திரையைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை, மாமனார் கிடந்த காலத்திலும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. கேட்டவள் மேல் கோபமும் வந்தது. நல்லாத்தான் கொள்ளுறன் பிள்ளை என்று சொல்லிப் படலையைச் சாத்தினேன். ஓட்டோ இறக்கத்தில் மறையும்வரை படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் களைத்துப்போய்விட்டேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இது முடியவேண்டும் என்று விரும்பினேன். பாதி பெரியவருக்காக, பாதி எனக்காக.

பிறகு பெரியவர் மீனை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளத் தொடங்கினார். சேலைன் ஏற்றினால் தோலுக்கடியில் தேங்கி நின்றது. ஒரு விடியற்காலை நான் எழும்பி வந்தபோது அவருடைய நாடி தண்ணீர்ச் சட்டிக்குள் கிடந்தது. குடிக்கவில்லை, முகத்தைத் தூக்கப் பலமில்லாமல் அப்படியே கிடந்தார். என் கணவர் வந்து நாடியைத் தூக்கி, தன் சாரத் தலைப்பால் துடைத்துவிட்டார். வைத்தியருக்கு அழைப்போமா என்று கேட்டேன். எதற்கு என்றார்.

“ஊசிக்கு.”

“பெரியவருக்கோ?”

அது பூனை என்று சொல்ல நான் பல நாளாக ஆயத்தமாக இருந்தேன். கந்தோருக்கு நடந்து போகும்போது சொல்லிச் சொல்லியும் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் அது வாயில் வரவில்லை. ஓம் என்று மட்டும் சொன்னேன்.

“அப்பாவுக்கு நீர் இப்பிடிச் சொல்லியிருப்பீரோ?” என்றார்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று ஊரெல்லாம் பெயர். அன்றைக்குக் கோபம் வரவில்லை, அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

“சொல்லேல்லை. ஆனா கடைசிக் காலத்தில ஒவ்வொரு வெள்ளியும் கோயில்ல நிண்டு அதைத்தான் கேட்டனான். அந்த மனிசனை நோகாமல் எடுத்துவிடு எண்டு. நீங்கள் வேலையில நிண்டியள். பக்கத்தில இருந்தது நான்தானே.”

அவர் எழும்பி வெளியே போவார் என்று பார்த்தேன். போகவில்லை. நெடுநேரம் பெரியவரின் நாடியைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு நிலத்தில் இருந்தார். வைத்தியரைப் பின்னேரம் வரச் சொல்லும் என்றார்.

வைத்தியர் வேலை முடிந்து வந்தார். வழக்கமான கதிரை, வழக்கமான துவாய், என் கணவரின் மடி. மோட்டார் சைக்கிளைத் திருப்பி வைக்க இந்த முறை அவர் போகவில்லை. வைத்தியர் மருந்தை எடுத்துவைத்துக்கொண்டு, சரிதானே என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டு நின்றவள் நான் என்பதால் இருக்கும். பதில் கதிரையிலிருந்து வந்தது.

“ஓம் டொக்டர், போடுங்கோ. அவர் பட்டது காணும்.”

நோகவில்லை. அதை நான் பார்த்தேன். வைத்தியர் சொன்னது உண்மைதான். அப்படியும் நான் அழுதேன், என் கணவர் அழவில்லை. தேசி மரத்தடியில் இருவரும் மாறிமாறி மண் வெட்டினோம். அவருடைய முழங்காலுக்கும் என் இடுப்புக்கும் அந்தச் சிறிய குழியே பெரிய வேலையாகிவிட்டது.

அடுத்த நாள் காலையில் பக்கத்து மேசைக்காரிக்கு அழைத்து, பெரியவர் போய்விட்டார், கொஞ்சம் பிந்தி வருவேன் என்றேன். பிந்தியும் போகவில்லை. வாசல்படியில் சும்மா இருந்தேன். எங்கள் வீட்டில் காலையில் முதல் அடுப்பில் ஏறுவது பெரியவருடைய மீன்தான். மீன் அவிக்கத் தேவையில்லை என்றதும் அடுப்பு மூட்டவேண்டும் என்ற நினைவே எனக்கு வரவில்லை.

மத்தியானம் அதே ஓட்டோ வந்தது. அவள் படலைக்குள் வராமல் ஒரு சாப்பாட்டுக் கரியரை நீட்டினாள்.

“இண்டைக்குச் சமைச்சிருக்க மாட்டியள் எண்டு தெரியும்.”

சோறு, பருப்பு, பூசணிக்காய், கீரை. செத்த வீட்டுக்குக் கொண்டுபோகிற மரக்கறிச் சாப்பாடு. கந்தோரில் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“பெரியவர் மோசம் போயிட்டார் எண்டுதான் சொன்னனான். நீங்கள் வரவேண்டாம். அது பொய்யில்லைத்தானே அக்கா?”

இல்லை என்று தலையாட்டினேன். அவள் வந்த ஓட்டோவிலேயே கந்தோருக்குத் திரும்பிவிட்டாள்.

நானும் கணவரும் எதிரெதிரே இருந்து சாப்பிட்டோம். சாப்பிடத் தொடங்கமுன் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் ஒரு துண்டு மீனை ஒதுக்கிவைப்பது அவருடைய வழக்கம். விரல்கள் பழக்கத்தில் சோற்றுக்குள் தேடின. மீன் இல்லை என்று கண்டதும், யார் கொண்டுவந்தது, பெரியவருக்கென்றா என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். மூன்று நேரமும் ஊட்டிப் பழகிய எனக்கு, என் சோற்றை மட்டும் தின்றுவிட்டு எழும்புவது என்னவோ போல இருந்தது. பாயை எடுத்து, சேலைன் பை தொங்கிய யன்னலுக்குக் கீழே விரித்துக் கொஞ்சம் சரிந்தேன்.

விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. முடிந்து கிடந்த திரைச்சீலையை யாரோ அவிழ்த்து, என் முகத்தில் வெயில் படாமல் இழுத்து விட்டிருந்தார்கள். என் கணவர் அதே கதிரையில் வெறும் மடியோடு இருந்தார். நான் பதறி எழும்பப் போனேன்.

“படுத்திரும்” என்றார். “உமக்கு ஏலாது.”