சரோஜா பஸ் பிடித்த கதை

அப்பா போய்விட்டார் என்ற செய்தியை என் கணவர்தான் கொண்டுவந்தார். காலையில் வேலைக்குப் போனவர், பத்தரை மணிக்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காட்டூர் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஏறி மிதிக்காமல் ஏன் தள்ளிக்கொண்டு வருகிறார் என்று பார்க்க வாசலுக்கு வந்தேன். "சரோஜா, ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பு. மாமா காலையில..." என்று ஆரம்பித்தார். கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டேன்.

சித்திரை வீதி வீட்டில் கூட்டம் நிறைந்திருந்தது. அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவரைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவர்களே, கொஞ்ச நேரத்தில் அவர் சொன்ன வாசகங்களைச் சொல்லிச் சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். சாவு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது எங்கள் தெருவிலேயே அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும். அவ்வளவு பேச்சுக்காரர் எங்கள் அப்பா.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய கடைவீதியில் ஒரு பாத்திரக்கடையில் முப்பது வருடம் விற்பனையாளராக இருந்தார். எல்லாக் குடத்தையும் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களை அவர் 'குடம் தட்டி' என்பார். பிறகு பெண் பார்க்க வந்து பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் பதில் போடாமல் இருந்தவர்களுக்கும் எங்கள் வீட்டில் அதே பெயர்தான். சாம்பாரில் உப்பு இல்லையென்றால், "இன்னிக்கு சாம்பார் மௌன விரதம் போலிருக்கு" என்பார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டால் எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "கொடியேத்தியாச்சு, பத்து நாள் உற்சவம்" என்பார். புத்தூர் சித்தப்பா ஒரு முறை புதுக் குடை வாங்கி, அது நனைந்துவிடக் கூடாது என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் வீட்டுக்கு ஓடிவந்தார். அன்றிலிருந்து, வாங்கிப் பூட்டி வைத்திருக்கிற எந்தப் பொருளுக்கும் 'சித்தப்பா குடை' என்று பெயர். என் பட்டுப் புடவைகூட சித்தப்பா குடைதான்.

இப்படி எங்கள் வீட்டில் யாருக்கு எது நடந்தாலும் சாயங்காலத்துக்குள் அது ஒரு வாசகமாகிவிடும். சம்பந்தப்பட்டவர் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருப்பார். பிறகு அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

என் பங்குக்கும் ஒன்று உண்டு. அதைத்தான் எழுதப் போகிறேன். முப்பதாம் நாளுக்கு ஒரு சிறிய நினைவுப் புத்தகம் போடுவதாகத் தம்பி ராஜு சொன்னான். "அக்கா, நம்ம வீட்ல நீதான் நல்லா எழுதுவே. அப்பாவைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடு. படிக்கிறவங்க சிரிக்கணும்" என்றான். ரெண்டு பக்கம் எழுதுகிறேன் ராஜு. சிரிப்பு வருமா என்று எனக்குத் தெரியாது.

1954-இல் நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண் நான்தான். ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப் போட்டேன். தஞ்சாவூரில் காலை பத்து மணிக்கு இன்டர்வியூ என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை அப்பாவே கடைக்கு எடுத்துக்கொண்டு போய் எல்லோரிடமும் காட்டினார். "நானே கூட்டிட்டுப் போறேன். ஏழு மணி பஸ்ஸைப் பிடிச்சா ஒன்பதரைக்குள்ள போயிடலாம்" என்றார்.

அன்று விடியற்காலையில் குளித்துக் கிளம்பினேன். வாசற்படி இறங்கும்போது அப்பா என் தலையைப் பார்த்து, "ரிப்பன் பழசா இருக்கே. பெரிய ஆபீசரெல்லாம் இருப்பாங்கம்மா, நல்லதா ஒண்ணு கட்டிக்க" என்றார். உள்ளே ஓடி மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தேன். டவுனில் இறங்கியதும், "காப்பி சாப்பிடுறியாம்மா? நேரம் கிடக்கு" என்று கேட்டார். அதற்கு முன் அப்பா என்னைக் காப்பி கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனதே கிடையாது. நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து, பெரிய மனுஷி போல டபராவில் ஆற்றிக் குடித்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

வெளியே வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடடா! ரிப்பன் கட்டப் போனியே, அந்த அஞ்சு நிமிஷம்!" என்றார். அடுத்த பஸ் எட்டரைக்குத்தான். அதில் போனால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்றார். திரும்பிவிட்டோம். மூன்று நாள் அழுதேன். அப்பா அல்வா வாங்கிவந்து ஊட்டினார். நாலாம் நாள் ராஜு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பாமல் தலை சீவிக்கொண்டே இருந்தபோது, "என்னடா, சரோஜா பஸ் பிடிச்ச மாதிரி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று.

அந்த வாசகம் என்னோடு சீதனமாக வந்தது. சம்பந்தி வீட்டில் அப்பாவே அதை நடித்துக் காட்டினார். பிறகு என் மாமியார் சொன்னார்கள், கணவர் சொன்னார், நாத்தனார் குழந்தைகள் சொன்னார்கள். ரிப்பனை நான் மறுபடி தொடவே இல்லை. எங்கே போவதானாலும் ஒரு மணி நேரம் முன்னால் போய் பஸ்ஸுக்கு நிற்பேன். காட்டூர் நிறுத்தத்தில் கண்டக்டர்களுக்கெல்லாம் என் முகம் தெரியும். நான் மந்தம், நான் அலங்காரப் பித்து, கையில் வந்ததை என் புத்தியால் கெடுத்துக்கொண்டவள் என்று பதின்மூன்று வருடம் நம்பினேன். வகுப்புத் தோழி ஒருத்தி டீச்சராகிப் பையும் குடையுமாகப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் என்னைத்தான் திட்டிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள், ராஜு தன் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு அப்பாவின் வாசகங்களை அர்த்தத்தோடு படித்துக்காட்டினான். "சரோஜா பஸ் பிடிச்ச மாதிரி. அதாவது, சிங்காரிச்சுக்கிட்டே காரியத்தைக் கோட்டை விடறது" என்றான். கூடம் முழுக்கச் சிரித்தது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்கள்.

"அதை எழுதாதேடா. அது பொய்."

"என்னம்மா பொய்?"

"அவ லேட் பண்ணலே. உங்கப்பாதான் வேணும்னே பஸ்ஸை விட்டார். முதல் நாளே எங்கிட்ட சொல்லிட்டார், எப்படியாவது விட்டுடறேன்னு. பஸ் ஆறே முக்காலுக்கு. உங்ககிட்ட ஏழுன்னு சொன்னார்."

"ஏம்மா?" என்று கேட்டேன்.

"ட்ரெய்னிங் முடிச்சா எந்த ஊர்ல வேணாலும் போடுவாங்களாம். யாரோ ஒரு பொண்ணைப் பச்சைமலைப் பக்கம் போட்டாங்கன்னு கடையில பேசிக்கிட்டாங்க. பஸ்ஸே கிடையாதாம். பயந்துட்டார்டி. வேணாம்னு சொன்னா நீ அழுவே, சண்டை போடுவே. நீ அவரைக் கோவிச்சுக்கிட்டா அவருக்குத் தாங்காது."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலே?"

"அவர் இருக்கறப்போ எப்படிடி சொல்றது?"

அம்மா மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தார்கள். என் தம்பி, "விடுக்கா, உன் நல்லதுக்குத்தானே செஞ்சார்" என்றான். அவன் நோட்டைப் பிடுங்கி அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். எனக்குக் கொடியேற்றம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். யார் என்று தெரிந்திருந்தால் அறைந்திருப்பேன்.

அப்பா நல்லவர். அதை மறுக்க மாட்டேன். எங்கள் மேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. பட்டினி போட்டதில்லை. கடையில் நின்று நின்று வீங்கிய காலோடு வந்தும் எங்களைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அதனால்தான் ஆத்திரம் தாங்கவில்லை. கொடுமைக்காரர் என்றால் அன்றைக்கே சந்தேகப்பட்டிருப்பேனே!

அப்பா, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீங்கள். நான் சாப்பிடாமல் கிடந்திருப்பேன், கத்தியிருப்பேன். ஒருவேளை ஜெயித்திருப்பேன், ஒருவேளை தோற்றிருப்பேன். தோற்றிருந்தாலும் உங்களிடம்தானே தோற்றிருப்பேன். நான் உங்களைக் கோபிக்கக் கூடாது என்பதற்காக, என்னையே நான் வெறுக்கும்படி செய்துவிட்டீர்கள். அதற்கு ஒரு வாசகமும் கட்டி, ஊரையே சிரிக்கவைத்து, என்னையும் சிரிக்கவைத்தீர்கள். ஒரு நாளாவது, நான் சிரிக்கும்போது, உங்களுக்குச் சோறு தொண்டையில் அடைத்ததா? அதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் எனக்கு. கேட்க ஆளில்லை.

ராஜு, இதை அச்சில் போட முடியாது என்று நீ சொல்வாய். போடாவிட்டால் அந்தப் புத்தகத்தில் என் பெயரையும் போடாதே.

உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று வாசலில் விழுந்து அழுதேன் அப்பா. அது எனக்குத் தெரிந்த அப்பாவுக்கு. இப்போது தெரியவந்திருக்கிற அப்பாவுக்கு நான் இன்னும் அழவில்லை. இந்தக் கோபம் அடங்கட்டும், அவருக்கும் அழுகிறேன். எத்தனை வருடம் ஆகும் என்று தெரியாது. நான் அவசரப்படப் போவதில்லை. நீங்கள் காத்திருங்கள்.