சுவரில் ஒட்டிய கட்டுரை

என் அக்கா நாற்பது வயதில் மாலைக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தாள். நாங்கள் இருவரும் ஒரே தையல் கூடத்தில் வேலை செய்தோம். வகுப்புக்காக அவள் சீக்கிரம் கிளம்பும் நாட்களில், மிச்சமிருக்கும் சட்டைகளைத் தைத்து முடிப்பவள் அவளுடைய தோழி, சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைக்கும் காஜாக்காரி.

கட்டுரை வகுப்பில் 'என் வேலையிடம்' என்று எழுதச் சொன்னார்கள். அக்கா எழுதியதில் பாதி காஜாக்காரியைப் பற்றித்தான்.

"கட்டுரை ஒரே பொருள்ல நிக்கணும்மா. தோழி கதை தனியா ஓடுது, எடுத்துடுங்க" என்றார் ஆசிரியை. அக்கா எடுத்துவிட்டாள். திருத்திய கட்டுரையை வகுப்புச் சுவரில் ஒட்டினார்கள்.

தன்னைப் பற்றி எழுதியதை அக்கா முன்பே சொல்லியிருந்ததால், காஜாக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களாடி, படிக்காமலே நானும் காலேஜ் ஏறிட்டேன்!" என்று கூடம் முழுக்கச் சொன்னாள். அந்தப் பகுதியை எடுத்துவிட்டதை அக்கா சொல்ல வாயெடுப்பாள். பிறகு குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொள்வாள்.

ஒரு மாலை கட்டுரையைப் பார்க்க எங்களோடு அவளும் கல்லூரிக்கு வந்தாள். வரிமேல் விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். கத்தரி வந்தது, இஸ்திரிப் பெட்டி வந்தது. கடைசி வரியில் விரல் நின்றது.

"ஏன்டி, மேஸ்திரியோட இருமலுக்குக்கூட இடம் இருக்கு. நான் எங்க?"

"மிஸ்தான் எடுக்கச் சொன்னாங்க..."

"சரி விடு. மார்க் வந்துச்சில்ல."

மறுநாளும் அக்காவின் சட்டைகளை அவள்தான் வாங்கிக்கொண்டாள். ஆனால் எப்போதும் கேட்பதுபோல், "இன்னைக்கு என்னடி பாடம்?" என்று கேட்கவில்லை. அக்கா வாசலில் சற்று நேரம் நின்றுவிட்டு, வகுப்புக்குப் போனாள்.