மதாமின் வால்

கண்ணாடிமேல் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாலை அளக்கிறார் ராஜாங்கம். ஆலைச் சங்கு ஊதுவதற்குள் இது முடிந்தாக வேண்டும். கண்ணாடிப் பெட்டி, மூடிப்போன பலகாரக் கடையில் வாங்கியது. ஜாங்கிரி இருந்த தட்டில் இப்போது ஈர மணல். அதன்மேல் சொகுசாகப் படுத்திருக்கும் தடித்த வால் ஜாதிப் பல்லியின் பெயர் மதாம், அதாவது சீமாட்டி.

"தொட்டு அளந்தா வாலை உதறிட்டுப் பூடும் சார். அதான் கண்ணளவு."

பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் புரட்டும் எங்கள் நெல்லித்தோப்புப் பேட்டையில், பல்லிக்கு என்ன ஆகுமோ என்று கவலைப்படும் ஒரே ஆள் இவர்தான். எழுபத்தெட்டில் ஆலை மூடிக் கிடந்தபோது ஒரு பிரெஞ்சுக்கார முசே வீட்டில் தோட்ட வேலைக்குப் போனார். முசே பல்லி வளர்த்தார். ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெண் பல்லியையும் ஓர் ஆண் பல்லியையும் இவர் கையில் கொடுத்துவிட்டு, அவற்றுக்கான சட்டதிட்டங்களையும் சொல்லிவிட்டுப் போனார். இதெல்லாம் அடுத்த போர்ஷன்காரனான எனக்கு மாதம் ஒரு தடவையாவது ஒப்பிக்கப்படும்.

"முட்டை வுடறதுன்னா சும்மாவா? வாலுல சேத்து வெச்ச கொழுப்பெல்லாம் கரைஞ்சு வாலு மெலிஞ்சு பூடும். ஓட்டுக்குச் சுண்ணாம்பு அது ஒடம்புலேர்ந்துதான் போவணும். கழுத்துல ரெண்டு பக்கமும் வெள்ளையா முடிச்சு இருக்குது பாருங்க, அது வத்திப்போச்சுன்னா கை காலு கோணிக்கும். முட்டை வெளிய வராம வயித்துலயே தங்கிப் பூடும். அப்புறம் ஆள் காலி."

ஆகவே மதாமுக்குக் கரப்பான்பூச்சி, முட்டையோட்டுத் தூளில் புரட்டித்தான் பரிமாறப்படும். ஆண் பல்லியான கப்பித்தேனுக்கு, அதாவது கேப்டனுக்கு, ஹார்லிக்ஸ் புட்டியில் தனிக்குடித்தனம். மூடியில் நாலு ஓட்டை. "வாலு பழையபடி தேறுற வரைக்கும் அந்தப் பய இந்தப் பக்கமே வரக்கூடாது. ஆறு மாசம் ஆனாலும் சரி."

அந்த வீட்டிலேயே உள்ளறையில் மகள் அன்னக்கிளி, மூன்றாவது பிரசவமாகி நாற்பது நாளாகப் படுத்திருந்தாள். மூன்றும் பெண். மூத்த இரண்டும் உப்பளம் பேட்டையில் தங்கள் அப்பா வீட்டில் இருந்தன. எழுந்து நின்றால் இவளுக்குத் தலை சுற்றும். ஆஸ்பத்திரியில் கொடுத்த சுண்ணாம்புச் சத்து மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்குக் கொமட்டுதுப்பா, மதாமுக்கே போடு" என்றாளாம். இவரும் பொடித்துப் போட்டுவிட்டார்! கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனா இவர்?

மனைவி அஞ்சலாட்சி வாய்விட்டே கேட்டாள். "பல்லிக்கு ஆறு மாசம் ஓய்வு குடுக்கிற மனுசா, மாப்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? போன தபாவும் நாப்பது நாள்லதான் இட்டும்போனாரு. வருசம் திரும்பறதுக்குள்ள வயித்துல அடுத்தது. இவ ஒடம்பு தாங்குமா?"

"கட்டிக் குடுத்தாச்சு. அது அவங்க வூட்டு சமாச்சாரம். அதுல நாம மூக்க நொழைக்கக் கூடாது" என்ற ராஜாங்கம், ஹார்லிக்ஸ் புட்டியின் மூடியை இன்னும் ஒரு திருகு திருகி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கன்னியப்பன் ரிக்‌ஷாவோடு வந்தார். நல்ல பிள்ளைதான். ஆரஞ்சுப் பழமும் கதம்பமும் வாங்கி வந்திருந்தார். "அடுத்தது சிங்கக்குட்டி மாமா, எழுதி வெச்சுக்குங்க" என்று சிரித்தார். "ஆவட்டும் மாப்ள, ஆவட்டும்" என்று தலையாட்டினார் மாமனார். டிரங்குப் பெட்டி ரிக்‌ஷாவில் ஏறியது. அஞ்சலாட்சி கைக்குழந்தையோடு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். அவள் மூக்கை உறிஞ்சுவது வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

அன்னக்கிளி அப்பா காலில் விழுந்தாள். விழுந்தவளால் எழ முடியவில்லை. ராஜாங்கம் கையைப் பிடித்துத் தூக்கினார். வளையல்கள் முழங்கைவரை சரிந்தன. மணிக்கட்டைச் சுற்றிய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டு, தாண்டியும் போயின. பழக்க தோஷம், ஒற்றைக் கண் தானாக மூடிக்கொண்டது.

"வரேம்பா" என்றாள்.

அவர் அவளைச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். ரிக்‌ஷாவிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் தோளில் தூக்கி வந்து, பல்லிகள் இருந்த மேசைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னா மாமா, நேரமாவுதே?" என்றார் கன்னியப்பன்.

ராஜாங்கம் அந்த டிரங்குப் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்து, காலை மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார்.